அர்த்தம் தெரியாமல் சொல்லலாமா?

தாம்பரத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக, வெள்ளிக்கிழமை தோறும் மாமியாருடன் உட்கார்ந்து லலிதா ஸஹஸ்ரநாமம் சொல்லி வருகிறாராம். புத்தகத்தைப் பார்த்துத்தான். ஆபீசிலிருந்து ஆறரை மணிக்கு வந்து, கை கால் கழுவி, விளக்கேற்றி உட்கார்ந்தால், ஏழரைக்குள் முடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போக வேண்டும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக் கொண்டிருந்த ஒன்பது வயது மகள் நிமிர்ந்து பார்த்து, "அம்மா, நீ யாரைக் கூப்பிடறே? என்ன சொல்றே?" என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை! ஒரு வரிக்காவது அர்த்தம் தெரியுமா என்றால் தெரியாது. கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறேன். போதாததற்கு, உச்சரிப்புத் தவறினால் பாவம் என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார். நிறுத்தினால் வீட்டில் மனஸ்தாபம் வரும். நிறுத்தாவிட்டால் நான் வேஷம் போடுவதாக எனக்கே தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?" என்று முடித்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தை நான் மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் தெரியாததால் அல்ல. இதே கேள்வியை நானே ஒரு காலத்தில் இன்னொருவரிடம் கேட்டவள். சகோதரி தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார். நான் அப்படிக் கேட்கவில்லை. குத்திக் காட்டுவதற்காகக் கேட்டேன். அந்தக் கதையைச் சொல்லாமல் அவருக்குப் பதில் எழுதுவது நியாயமில்லை.

எங்கள் வீடு மாயவரத்தில், அதாவது மயிலாடுதுறையில், இருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். இருபத்து மூன்று வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். குழந்தை குட்டி கிடையாது. விடியற்காலையில் காப்பிக்கு டிகாக்ஷன் இறங்குவதற்குள் ஸஹஸ்ரநாமத்தை முடித்துவிடுவாள். சாயங்காலம் கீரை ஆயும்போதும், அரிசியில் கல் பொறுக்கும்போதும் அபிராமி அந்தாதி. திருக்கடையூர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணிக்குள் போய்விடலாம். அபிராமி அவளுக்கு ஏதோ அக்கம்பக்கத்து மனுஷி மாதிரி. புத்தகம் வைத்துக்கொண்டு அவள் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

நான் காலேஜில் தமிழ் இலக்கியம் எடுத்துச் சேர்ந்த வருஷம். யாப்பிலக்கணத்தில் அந்தாதி பாடம் நடந்தது. அந்தம் என்றால் முடிவு, ஆதி என்றால் தொடக்கம். ஒரு செய்யுளின் கடைசிச் சொல்லே அடுத்த செய்யுளுக்கு முதல் சொல்லாக வரும் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. கட்டளைக் கலித்துறை என்ற யாப்பில், அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து, புள்ளி வைத்த எழுத்துக்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் கற்றுக்கொண்டு, தலை கனத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். அத்தை முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, முதல் பாட்டுக்கு அர்த்தம் சொல்லேன், பார்க்கலாம்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நேக்கென்னடி தெரியும் கொழந்தே? எல்லாம் செவப்பு செவப்பா வரும். அவ்வளவுதான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிநேகிதி ஒருத்தி கூட வந்திருந்தாள், அவளும் சிரித்தாள். "நாற்பது வருஷமா அர்த்தம் தெரியாமலே சொல்லிண்டிருக்கியா?" என்று கேட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அன்றைக்கப்புறம் நான் வீட்டில் இருக்கும் வேளைகளில் அவள் உரக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உதடு மட்டும் அசையும். அதை நான் கவனித்தேன் என்பதுகூட ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

நிற்க. சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

லலிதா ஸஹஸ்ரநாமம் பிரம்மாண்ட புராணத்தைச் சேர்ந்தது. ஹயக்ரீவர் அகஸ்தியருக்கு உபதேசித்ததாகவும், வசினி முதலிய எட்டு வாக்தேவதைகள் தேவியின் ஆணைப்படி இயற்றியதாகவும் அந்த நூலே சொல்கிறது. ஆயிரம் நாமங்கள், ஒரு நாமமும் இரண்டாம் முறை வருவதில்லை என்பது இதன் பெருமை. ஆனால் கேளுங்கள்: நீளமான சமஸ்கிருதத் தொடர்களை எந்த இடத்தில் வெட்டினால் சரியாக ஆயிரம் வரும் என்பதற்குப் பண்டிதர்களுக்கே ஓர் உரைகாரர் தேவைப்பட்டார்! பதினெட்டாம் நூற்றாண்டில் பாஸ்கரராயர் எழுதிய 'சௌபாக்ய பாஸ்கரம்' என்ற உரைதான் இன்றைக்கும் பிரமாணம். காவிரிக் கரையில் அவர் வாழ்ந்த ஊர் பாஸ்கரராஜபுரம் என்றே இன்றும் பெயர் தாங்கி நிற்கிறது. ஆகவே, ஆபீசிலிருந்து ஆறரை மணிக்கு வருகிற ஒரு பெண்ணுக்கு அர்த்தம் விளங்கவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆயினும் ஆயிரத்தையும் ஒரே இருட்டாக நினைத்துப் பயப்படவும் வேண்டாம். அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் நாமத்துக்கு அர்த்தம் என்ன தெரியுமா? 'அம்மா'. அவ்வளவுதான். மகாராணி என்பது அதற்கு அடுத்ததாகத்தான் வருகிறது, சிம்மாசனம் மூன்றாவது. மகள் "யாரைக் கூப்பிடறே?" என்று கேட்டாளே, "அம்மாவைக் கூப்பிடறேன்" என்று தாராளமாகச் சொல்லியிருக்கலாம். அதில் பொய்யே கிடையாது.

அப்புறம் தேவியின் கூந்தலில் தொடங்கிப் பாதம் வரை வருணனை வருகிறது. அதன்பின் அவள் குடியிருக்கும் நகரம். பிறகு பண்டாசுரனோடு யுத்தம். இந்த இடத்தை அந்தக் குழந்தைக்கு அவசியம் சொல்லுங்கள். லலிதாதேவிக்கு பாலா என்று ஒரு பெண். என்றைக்கும் ஒன்பது வயதுதான். பண்டாசுரனின் பிள்ளைகள் போருக்கு வந்தபோது, நான் போகிறேன் என்று அவள்தான் புறப்பட்டுப் போய் ஜெயித்து வந்தாள். அந்தச் சின்னப் பெண்ணின் பராக்கிரமத்தைக் கண்டு பூரித்தவள் என்பது தேவிக்கு ஒரு நாமம். மகள் பரிசு வாங்கி வரும்போது தாய் முகம் எப்படி இருக்குமோ அப்படி! ஆயிரம் நாமத்தில் இதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

இன்னோர் இடமும் நம் வீட்டுப் பெண்களுக்கு ருசிக்கும். பிற்பகுதியில், நம் உடம்பிலுள்ள ஏழு சக்கரங்களில் ஏழு யோகினிகளாக அவள் வீற்றிருப்பதாகச் சொல்லும்போது, ஒவ்வொருத்திக்கும் என்ன சாதம் பிடிக்கும் என்றும் சொல்லிக்கொண்டே போகிறது. கழுத்தில் இருப்பவளுக்குப் பாயசம். நெஞ்சில் இருப்பவளுக்கு நெய் சாதம். அதற்குக் கீழே நாபியில் இருப்பவளுக்கு வெல்ல சாதம். அதற்கும் கீழே தயிர் சாதம். மூலாதாரத்தில் பயத்தம்பருப்புச் சாதம். புருவ நடுவில் மஞ்சள் கலந்த சாதம். உச்சந்தலையில் உள்ளவளுக்கு இன்னதென்று இல்லை, எல்லாச் சாதமும் இஷ்டம். நவராத்திரியில் நாம் நாளுக்கொன்றாகச் சித்திரான்னம் கிளறுகிறோமே, அதை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியைச் சொல்லிப் பாருங்கள். புத்தகத்தை மூடிவிட்டு நேரே அடுப்படிக்குத்தானே போகிறீர்கள்? வெகு தூரம் போகவில்லை என்று தெரியும்.

ஒரு சௌகரியத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். பாராயணம் வேறு, அர்ச்சனை வேறு. சுலோகமாகச் சொன்னால் பாராயணம். நிதானமாகச் சொன்னாலும் சுமார் அரை மணி, கொஞ்சம் கூடுதலாகலாம். ஒவ்வொரு நாமத்தையும் தனித்தனியாகப் பிரித்து, முன்னும் பின்னும் ஓம், நம என்று சேர்த்துக் குங்குமம் இட்டால் அர்ச்சனை. அதற்கு நேரம் பிடிக்கும். அவசர நாளில் அர்ச்சனையில் இறங்கி, பாதியில் கடிகாரத்தைப் பார்த்துப் பதறுவதைக் காட்டிலும் ஒரு பக்கத்தை நிதானமாகச் சொல்வது மேல் என்பது என் அபிப்பிராயம்.

இனி, உச்சரிப்புப் பயம். தமிழில் ஒரு 'க'தான் இருக்கிறது, சமஸ்கிருதத்தில் நாலு. அதனால் நம் ஸ்தோத்திரப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் பொடியாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். சிறு வயதில் நான் அதை ஏதோ கணக்கு என்று நினைத்து, ஒரு பக்கத்தைக் கூட்டியே பார்த்துவிட்டேன்! அந்த எண்களைக் கவனித்து, தெரிந்தவர்களிடம் ஒரு முறை கேட்டுத் திருத்திக்கொள்வது நல்லதுதான். இப்போது கைபேசியிலேயே நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். ஸஹஸ்ரநாமத்தின் பலசுருதியில் இதைக் கண்டவர்களிடமும் வெளியிடக் கூடாது என்று எச்சரிக்கை இருப்பதும் உண்மை. உபதேசம் பெற்றே சொல்ல வேண்டும் என்று நினைக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். மாமியார் அந்த வழியில் வந்தவராக இருந்தால், அவருடைய பயத்தை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். தான் பெற்றதைச் சிந்தாமல் கொடுக்க வேண்டுமே என்கிற கவலையாகவும் இருக்கலாம்.

ஆனால் வாய் தவறினால் பாவம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குத் திருக்கடையூர்தான் ஞாபகம் வருகிறது. கதை உங்களுக்குத் தெரிந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட முதலாம் சரபோஜி மன்னர் தை அமாவாசையன்று கோவிலுக்கு வந்தார். அம்பாள் சன்னிதியில் மெய்மறந்து உட்கார்ந்திருந்த சுப்பிரமணிய பட்டரிடம், இன்றைக்கு என்ன திதி என்று கேட்டார். தேவியின் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்த பட்டர் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல வேண்டியவர்! அதற்குத்தான் அந்தத் தண்டனை: கீழே நெருப்பு, மேலே நூறு கயிறு கட்டிய உறி, பாட்டுக்கு ஒரு கயிறாக அறுத்துக்கொண்டு வந்தது, 79-ஆவது பாட்டில் அம்பாள் தன் காதுத் தோட்டைக் கழற்றி வானத்தில் வீசியது, அது நிலாவாகப் பிரகாசித்தது, எல்லாம். (1971-இல் வந்த 'ஆதி பராசக்தி' படத்தில் எஸ்.வி. சுப்பையா பட்டராக நடித்ததைப் பார்த்துவிட்டு, அதில் டி.எம்.எஸ். பாடிய பாட்டையே அந்தாதி என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. அது கண்ணதாசன் எழுதியது.) சரித்திரமா, கர்ண பரம்பரையா என்று ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். நான் சொல்ல வந்தது வேறு. அபிராமி அந்தாதி பிறந்ததே ஒரு மனிதர் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையால்! தவறியவரை அவள் தண்டித்ததாகக் கதை இல்லை. வார்த்தையை நிஜமாக்கிக் கொடுத்ததாகத்தான் கதை.

அந்தாதி தமிழாயிற்றே, அது தானாக விளங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பட்டப் படிப்பை முடித்து, பத்திரிகை வேலைக்கு வந்து, ஒரு நவராத்திரி மலருக்குக் குறிப்பு எழுதுவதற்காக உரைப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோதுதான் அதன் முதல் பாட்டை நான் ஒழுங்காகப் படித்தேன். தேவியை எதற்கெல்லாம் ஒப்பிடுகிறார் பட்டர்? உதயசூரியன். நெற்றித் திலகம். மாணிக்கம். மாதுளம் பூ. குங்குமக் குழம்பு. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 'எல்லாம் செவப்பு செவப்பா வரும்.' பதவுரை, பொழிப்புரை எல்லாவற்றையும் விட, அத்தை சொன்ன அந்த ஒரு வரியில் பாட்டு முழுவதும் இருந்தது. நானும் என் சிநேகிதியும் சிரித்தோம்.

அதன் பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பூர்வீக வீட்டைப் பங்கு போட உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசியபோது, அத்தைக்கு எதற்குப் பங்கு என்று ஒருவர் கேட்டார். அத்தை உள்ளே தோசை வார்த்துக் கொண்டிருந்தாள். பேச்சு ஒரு கணம் நின்ற சமயம் பார்த்து, அடுப்படியிலிருந்து 69-ஆவது பாட்டு கிளம்பியது. செல்வம், கல்வி, சோர்ந்து போகாத மனசு என்று அபிராமியின் கடைக்கண் தருவதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு. அந்த வரிசையில் கபடம் இல்லாத சுற்றத்தாரும் உண்டு. அந்த இடம் வந்ததும் அத்தை நிறுத்தி, இன்னொரு தரம் சொன்னாள்! கூடத்தில் இருந்தவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த இரவு வேறு விதம். தாழ்வாரத்து பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் நூறு பாட்டையும் சொல்லவில்லை. காலன் வருகிற வேளையில் தாயே, நீ முன்னால் வந்து நில் என்று பட்டர் கெஞ்சும் பாட்டுக்கள் சில உண்டு. அவற்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அர்த்தம் தெரியாதவள் நூறில் அந்தச் சிலவற்றை எப்படிப் பொறுக்கி எடுத்தாள்? திருக்கடையூரில் ஸ்வாமி மார்க்கண்டேயனுக்காக யமனைக் காலால் உதைத்தவர் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் யமன் பெயர் வரும் பாட்டு அவளுக்குப் பழக்கம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லுக்குச் சொல் பிரித்துச் சொல்லத் தெரியாது என்பதைத்தான் அவள் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

தாம்பரத்துச் சகோதரிக்கு என் யோசனை: நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாமத்துக்கு மட்டும் அர்த்தம் பார்த்து வையுங்கள். தமிழ் உரையோடு புத்தகங்கள் கிடைக்கின்றன. அதை முதலில் மகளிடம் சொல்லுங்கள். அவள் கேட்டதால்தானே இவ்வளவும்! முடிந்தால் மாமியாரிடம், "உங்களுக்கு இதில் எந்த நாமம் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அர்த்தம் தெரியுமா என்று கேட்காதீர்கள். குழந்தைக்குத் தனியாக ஏதாவது சொல்லிக்கொடுக்க விரும்பினால் குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலை இருக்கிறது. பத்தே பாட்டு; சரஸ்வதி பேரில்; காசியில் புது பாஷை கற்க வேண்டி வந்தபோது பாடியதாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்குப் பொருத்தம்.

அத்தைக்கு இப்போது எண்பத்து நாலு வயது. மூன்று வருஷமாக ஞாபகம் கரைந்துகொண்டே வருகிறது. சாப்பிட்டோமா இல்லையா என்பது தெரிவதில்லை. அப்பாவைக் கண்டால் யாரோ டாக்டர் என்கிறாள். என்னையும் தெரியவில்லை. போன தை வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, விளக்கு வைத்துவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்து, முதல் பாட்டை மெதுவாகத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் அவள் குரல் வந்து சேர்ந்துகொண்டது.

ஒரு பாட்டு முடிகிற சொல்லிலேயே அடுத்தது தொடங்குகிறது அல்லவா? கிணற்றில் வாளிக் கயிற்றை மாற்றி மாற்றிப் பிடித்து இழுக்கிற மாதிரி, ஒவ்வொரு பாட்டின் கடைசிச் சொல்லைப் பிடித்து அடுத்ததை இழுத்துக்கொண்டே போனாள். என்ன கிழமை என்று தெரியாதவளுக்கு அடுத்த பாட்டு எது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஓர் எழுத்துக் குறைந்தாலும் நாக்கு இடறி நின்று, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தது. காலேஜில் நான் எண்ணிப் படித்த 16-ம் 17-ம் அவள் வாயில் தாமாகவே நடந்துகொண்டிருந்தன. இருபத்தைந்து பாட்டுக்கு மேல் எனக்குத்தான் தெரியவில்லை; எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். நூறாவது பாட்டின் கடைசிச் சொல் முதல் பாட்டின் தொடக்கத்தோடு போய்ச் சேருகிறது. அவள் நிறுத்தவில்லை, மறுபடியும் சூரியனிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். நாலைந்து பாட்டு போனதும் களைப்பில் நின்றது.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"யாருடி நீ? நன்னா சொல்றியே, யார் சொல்லிக் குடுத்தா?"

"எங்க அத்தை" என்றேன்.

"ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் தெரியுமோ நோக்கு?"

"நேக்கென்ன தெரியும்? எல்லாம் செவப்பு செவப்பா வரும்" என்றேன்.

"ஆமாம், ஆமாம்" என்று தலையை ஆட்டினாள். பிறகு காப்பி ஆச்சா என்று கேட்டாள்.